நாற்பத்தொன்றாம் வகையின் நோக்கம்

படையில் உள்ள ஒவ்வொரு விண்கப்பல் வகைக்கும் ஒரு தாள் உண்டு. நீளம், எந்திரம், ஆட்கள், கவசம், காற்று எத்தனை நாளுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்தின் பெயர் நோக்கம். அதில் ஒரு வரிக்குத்தான் இடம்.

அந்த வரியை எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன்.

பெரிய கப்பல்களுக்கு எழுதுவது சுலபம். தாக்குதல். காத்தல். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. சிரமம் சின்ன வகைகளோடுதான். எப்போதோ ஒரு தேவைக்காக யாரோ வரைந்திருப்பார்கள். தேவை போய்விடும். கப்பல் மட்டும் நிற்கும். எரிபொருள் கேட்கும், ஆள் கேட்கும். எதற்கு இருக்கிறாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

வகைப் பதிவகம் விண்கப்பல்கள் நிற்கும் துறைக்கு எதிரே முதல் மாடியில் இருந்தது. நீளமான அறை. ஒன்பது மேசை, மூன்று பேர். அரைமணிக்கு ஒருமுறை மேல்வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்ணுக்குப் போகும். அப்போது தரை அதிரும். மேசை மேல் பேனாக்கள் உருளும். நாங்கள் நிமிர்ந்து பார்க்காமலே பேனா மேல் கையை வைப்போம்.

பிரிவுத் தலைவருக்கு அடிக்கோடு என்று பெயர். எதைப் படித்தாலும் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். உணவகத்தின் விலைப் பட்டியலுக்குக்கூடப் போட்டிருக்கிறார். அவர் கோடு போட்டுக் கையெழுத்திட்டால்தான் தாள் மேலே போகும்.

மழை தொடங்கிய வாரத்தில் ஓர் உத்தரவு வந்தது. அடிக்கோடு அதை நான்கு முறை படித்தார். எல்லா வரிக்கும் கீழே கோடு இருந்தது.

“சுருக்கமா சொன்னா,” என்றார், “ரெண்டு வகைக்கு ஒரே நோக்கம் இருக்கக் கூடாது. இருந்தா ஒன்னு நிக்கும், இன்னொன்னை உடைப்பாங்க.”

“எதை உடைக்கணும்னு யார் சார் முடிவு பண்றது?”

“சின்னதை உடைப்பாங்க. இதுல முடிவு பண்ண என்னம்மா இருக்கு?”

மொத்தம் நூற்று முப்பத்திரண்டு வகைகள். மாதக் கடைசிக்குள் எல்லாத் தாளையும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். நான் முதலில் எடுத்தது நாற்பத்தொன்றாம் வகை. நோக்கம் என்ற கட்டத்தில் ‘துணை’ என்று ஒரே சொல். எனக்கு முன்னால் இருந்தவரின் கையெழுத்து. இன்னும் பதினான்கு வகைகளுக்கும் அதே சொல்லைத்தான் எழுதியிருந்தார்.

என் தம்பி நாற்பத்தொன்றில் வேலை செய்கிறான்.

அந்த வகையில் பதினொரு கப்பல்கள். கப்பலுக்கு நான்கு பேர். முன்பெல்லாம் பெரிய கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வடம் போட்டுக் கட்டுவார்கள். வடத்தின் நுனியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது நாற்பத்தொன்றின் வேலை. பெரிய கப்பல்களுக்கு இரும்புக் கை வந்தது. வடம் போனது. ஒன்பது வருடமாக நாற்பத்தொன்று அதிகாரிகளின் பெட்டிகளைச் சுமக்கிறது. ஒருமுறை ஒரு பூனையைச் சுமந்தது. துறையில் அதை மூட்டைப்பூச்சி என்பார்கள்.

ஒரு வகையை உடைத்தால் அதன் ஆட்களைப் பாறைத் தளத்துக்கு அனுப்புவார்கள். ஏழு வருடம். குடும்பம் கூடப் போக முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் போனவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. மாதத்துக்கு மாதம் எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு கடிதம் வரவில்லை.

ஞாயிறு மதியம் தம்பி வந்தான். மூன்று மாடி ஏறி வந்து, சமையல் மேடை மேல் உட்கார்ந்தான். முப்பத்து நான்கு வயது. எந்திரக்காரன். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கறுப்பாக ஒரு தடம் விடுவான்.

“என்னக்கா, எங்க பூச்சிக்கு மருந்து அடிக்கப் போறீங்களாமே?”

“யார் சொன்னா?”

“துறை பூராவும் பேச்சு. பாறைத் தளத்துக்கு யார் எந்தக் கம்பளியை எடுத்துட்டுப் போறதுன்னு எங்காளுங்க இப்பவே பங்கு பிரிக்கறாங்க.”

“முதல்ல கீழ இறங்கு. மேடையெல்லாம் எண்ணெய்.”

இறங்கினான். நான் நறுக்கிவைத்த வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான்.

“நீதானே எழுதுற?”

“நான்தான்.”

“அப்ப எழுது. மூட்டைப்பூச்சிதான் உலகத்தைக் காப்பாத்துதுன்னு எழுது.”

“அது ஒன்னாம் வகை. ஏற்கெனவே எழுதியாச்சு.”

சிரித்தான். அப்புறம் நிறுத்திவிட்டான்.

“ஏழு வருஷம்க்கா,” என்றான். “வீட்டுல அவ தாங்க மாட்டா. அவளைச் சொல்லி நான் தப்பிச்சுக்கறேன். நான் தாங்க மாட்டேன்.”

நான் பார்க்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை நூற்று முப்பத்திரண்டு தாள்களையும் மேசையில் அடுக்கினேன். நாற்பத்தொன்றுக்குப் பொருந்துகிற ஒரு வேலை வேண்டும். வேறெந்த வகையும் செய்யாத வேலையாக இருக்க வேண்டும். கிடைக்கவில்லை. கடிதம் கொண்டுபோக ஒரு வகை இருந்தது. கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வகை. பிணத்துக்கு ஒன்று, பிணப்பெட்டிக்கு வேறொன்று. துறையைக் கூட்ட ஒன்று, கூட்டியதைக் கொட்ட ஒன்று. வாத்தியக் குழுவை ஏற்றிப்போக மூன்று கப்பல்கள் கொண்ட ஒரு வகை இருந்தது. அதற்குக்கூட நோக்கம் தனி. அது பிழைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை வேறு விதமாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு படை கிளம்பியதிலிருந்து என்னென்ன செய்யும் என்ற வரிசையில். முன்னால் போய்ப் பார்க்க ஒரு வகை. முதலில் இறங்க ஒரு வகை. சுற்றி நிற்க, சண்டை போட, தீயணைக்க, காயம்பட்டவர்களை ஏற்ற, சிறைப்பட்டவர்களை மீட்க, விளக்கணைக்க, கடைசியாகக் கிளம்ப. கடைசியாகக் கிளம்பும் வகைக்கு அந்தப் பக்கம் மேசை காலியாக இருந்தது.

அந்த இடத்தில் நாற்பத்தொன்றாம் தாளை வைத்து எழுதினேன். ‘படை விலகிய பின் அவ்விடத்தில் இருத்தல்.’

பதினெட்டு வருடத்தில் நம் படை எங்கிருந்தும் யாரையும் விட்டுவிட்டு வந்ததாக நான் படித்ததில்லை. அந்த வேலை வரவே வராது. வராத வேலைக்கு ஒரு கப்பல். தம்பிக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று நினைத்தேன்.

நோக்கத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கால அளவு என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான வகைகளுக்கு அதைக் காலியாகத்தான் விடுவோம். விட்டேன்.

அடிக்கோடு அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

“எதுக்கும்மா இருக்கணும்?”

“அதைக் கேக்க இந்தத் தாள்ல கட்டம் இல்லையே சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பதினெட்டு வருஷத்துல நல்லாத் தேறிட்ட,” என்றார். கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தேழு வகைகள் உடைந்தன. துறைக்குப் பின்னால் உடைப்புக் களத்தில் வெட்டும் சத்தம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு நிற்கும். ஜன்னலை மூடினாலும் பல்லில் கேட்கும். பாறைத் தளத்துக்குப் போகிறவர்கள் மேல்வண்டி நிறுத்தத்தில் கம்பளி மூட்டையோடு நின்றார்கள். நாற்பத்தொன்றின் ஆட்கள் யாரும் அதில் இல்லை.

தம்பி நன்றிக்கு என் பழைய அலமாரியைத் தனி ஆளாகக் கீழே இறக்கிக் கொடுத்தான். எந்தக் கப்பலிலும் நோக்கத்தைக் கதவின் உள்பக்கம் வர்ணத்தால் எழுதிவைக்க வேண்டும். அவன் கப்பல், ஏழாவது, அன்று காலைதான் எழுதியிருந்தார்கள்.

“எங்க கப்பல் தலைவர் வாசிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? ‘இருத்தல்னு போட்டிருக்கு. ஒன்பது வருஷமா நாம அதைத்தான்டா பண்றோம். இப்பத்தான் மேலிடத்துக்குத் தெரிஞ்சிருக்கு’ங்கறார்.”

அலமாரி ஒரு திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. அதற்கடியில் நின்றபடி சிரித்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த மாதம் செய்தியில் இரண்டாம் படைப்பிரிவு இடம் மாறியதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நான்காம் பிரிவு. ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தச்சர் சொன்னார், “இடம் மாறுது மாறுதுங்கறான். எங்கேர்ந்து எங்கன்னு சொல்ல மாட்டேங்கறானே.”

“நம்ம பக்கமாத்தான்,” என்றாள் கடைக்காரி. “முன்னல்லாம் இங்கேர்ந்து மாவு ஏத்திட்டுப் போவாங்க. இப்ப ஏத்தினதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கறாங்க.”



திட்டப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆண் குரல். உற்சாகமான, மரியாதையான குரல்.

“நாற்பத்தொன்னு எழுதினது நீங்களா மேடம்?”

“ஆமா.”

“எங்க பிரிவே உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. எவ்வளவு அருமையான வரி! ஒரு இடத்தைவிட்டு முழுசா வந்துட்டா அது இழந்த இடம், வரைபடத்துல அழிச்சாகணும். நம்ம கப்பல் ஒன்னே ஒன்னு அங்க இருந்தாலும் அது நம்ம இடம். சட்டம் அப்படி. ஆனா இருக்கறதுக்குன்னு ஒரு வகை இல்லாம நாங்க யாரையும் நிறுத்த முடியாது. தேடிக்கிட்டே இருந்தோம். பாத்தா நீங்க எழுதி வச்சிருக்கீங்க.”

நான் நாற்பத்தொன்றாம் தாளின் நகலைத் தேடி எடுத்தேன்.

“கால அளவு மட்டும் காலியா இருக்கு.”

“பதினாறு நாள்னு போடுங்க,” என்றேன். “அதுல நாலு பேருக்குப் பதினாறு நாள் காத்துதான் இருக்கு.”

“அது காற்றுக் கட்டம் மேடம். அதுல பதினாறுன்னு இருக்கு, பாத்தேன். கால அளவு காலியா இருந்தா வரம்பில்லைன்னு அர்த்தம்.”

“நான் இப்பவே திருத்தி அனுப்பறேன்.”

“முடியாதே. காலையிலிருந்து அந்த வகை பயன்பாட்டுல இருக்கு. பயன்பாட்டுல இருக்கற வகையோட தாளைத் திருத்தக் கூடாது. உங்க விதிதான்.”

விதி எங்களுடையதுதான்.

“எந்தக் கப்பல்?”

தாள் புரளும் சத்தம் கேட்டது. “முதல்ல ரெண்டு. மூணாவது கப்பல், ஏழாவது கப்பல்.”

தம்பி வீடு நான்கு தெரு தள்ளி. குடையை எடுக்க மறந்துவிட்டேன். போனபோது அவன் தரையில் பையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தையல் எந்திரத்தின் முன் இருந்தாள். விண்வெளி உடைகளுக்கு உள்துணி தைப்பது அவள் தொழில். அவனுடைய காலுறைகளை ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“வாக்கா. வேலை இல்லை வேலை இல்லைன்னு ஊரே பேசிச்சு. வந்துடுச்சு பாரு.”

“எத்தனை நாள் அண்ணி?” என்றாள் அவள். “இவரைக் கேட்டா தெரியலைங்கறார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“பதினாறு நாள்,” என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணி, சுவரில் இருந்த நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பி கூடவே வந்தான். கதவைப் பின்னால் சாத்தினான்.

“காத்துதான் பதினாறு நாளுக்கு,” என்றான். “உத்தரவுல நாள் போடலை. எங்க தலைவர் பாத்துட்டார்.”

“கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்டா.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மழையைப் பார்த்தான்.

“நனைஞ்சிருக்க,” என்றான். உள்ளே போய் அவன் குடையைக் கொண்டுவந்து கொடுத்தான். “அவகிட்ட பதினாறுன்னே இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை படை இரண்டு இடங்களில் ஒவ்வொரு கப்பலாக நிறுத்திவிட்டு விலகியது. அதுதான் முதல் நாள். அன்றிலிருந்து அவர்கள் தங்கள் காற்றைச் சுவாசித்தார்கள்.

யார் போய்க் கூட்டிவருவார்கள் என்று தேடினேன். காயம்பட்டவர்களை ஏற்றும் வகை போகாது. அவர்களுக்குக் காயமில்லை. சிறைப்பட்டவர்களை மீட்கும் வகை போகாது. வழி தவறியவர்களைத் தேடும் வகை போகாது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் உத்தரவுப்படி வேலையில் இருந்தார்கள். வேலையில் இருப்பவர்களைத் திருப்பிக் கூட்டிவருவது எந்த வகைக்கும் நோக்கம் இல்லை.

பயன்பாட்டில் இல்லாத வகையின் நோக்கத்தை மாற்றலாம். நான்காம் நாள் எண்பத்தெட்டாம் வகையைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் சுமக்கும் வகை. ஒரே கப்பல், ஆறு ஆட்கள். ஐந்து மாதமாகத் துறையில் கிடந்தது. நோக்கத்தை அடித்துவிட்டு எழுதினேன். ‘பணியில் இருப்போரை அவ்விடத்திலிருந்து அழைத்து வருதல்.’

அடிக்கோடு பென்சிலைக் கையில் எடுத்து, போடாமல் வைத்திருந்தார்.

“தம்பியா?”

“ஆமா சார்.”

“தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?”

“தெரியலை.”

கோடு வளைந்து விழுந்தது. அதை அழித்துவிட்டு நேராகப் போட்டார். மேலிடம் ஒப்புதல் தர இரண்டு நாள் ஆனது.

ஏழாம் நாள் காலை தண்ணீர்க் கப்பலின் தலைவி பதிவகத்துக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய முடி. விரல்களில் வெள்ளை வர்ணம் காயாமல் இருந்தது.

“கதவுல புது வரி எழுதச் சொன்னாங்க. எழுதிட்டு வரேன். அதை யோசிச்ச புண்ணியவதி யாருன்னு பாக்கணும்னு தோணிச்சு.”

“நான்தான்.”

“எங்க கப்பல்ல கவசம் கிடையாதுன்னு தெரியுமா?”

“தெரியும். தாள்ல இருக்கு.”

“ஒரு கல்லு பட்டாலே ஒழுகும். இருபது வருஷமா தொட்டியை ஒட்டுப் போட்டே ஓட்டறேன். அதை எடுத்துட்டு நம்மாளுங்க ஓடிவந்த இடத்துக்குப் போகச் சொல்றீங்க.”

“என் தம்பி அங்க இருக்கான்.”

அவள் எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேல்வண்டி கிளம்பியது. என் பேனா உருண்டது. அவள் பிடித்து நிறுத்தினாள். பேனா வெள்ளையாகிவிட்டது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல,” என்றாள். “எத்தனை பேரு?”

“எட்டு.”

“எட்டுதானா? தொட்டியைக் காய வச்சா நாற்பது பேர் உக்காரலாம் எங்க கப்பல்ல. கால் நீட்ட முடியாது, அவ்வளவுதான்.”

ஏற்றக்கூடிய ஆட்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. இந்தத் தடவை எதையும் காலியாக விடக் கூடாது என்று இருந்தேன். அவள் எதிரிலேயே நாற்பது என்று எழுதினேன். அதிகமாக இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

அன்று மதியமே தாள் திட்டப் பிரிவுக்குப் போனது.

எட்டாம் நாள் பதில் இல்லை. தம்பி மனைவி உணவு இடைவேளையில் கூப்பிட்டாள். “பாதி முடிஞ்சுதுல்ல அண்ணி?” என்றாள். ஆமாம் என்றேன். பின்னால் தையல் எந்திரம் ஓடவில்லை. உடைகளுக்கு வேலை வரவில்லையாம்.

ஒன்பதாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்குத் திட்டப் பிரிவுக்காரர் கூப்பிட்டார்.

“மேடம், நாற்பது! எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? ஒரே நடையில பத்துக் கப்பல் ஆளுங்க. கணக்கு அவ்வளவு அழகா வருது.”

“எப்போ கிளம்பும்?”

“நிறைஞ்சதும்.”

“எது நிறைஞ்சதும்?”

“நாற்பது பேர் சேர்ந்ததும். எட்டு பேருக்காக முப்பத்திரண்டு இடத்தைக் காலியா ஓட்டிட்டுப் போறதுக்கு மேலிடம் ஒத்துக்காது. நீங்க எட்டுன்னு எழுதியிருந்தா நேத்தே கிளம்பியிருக்கும். நாற்பதுன்னு எழுதினதும் நல்லதாப் போச்சு.”

அறையில் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 

“அவங்களுக்கு இன்னும் ஏழு நாள்தான் காத்து இருக்கு.”

“தெரியும் மேடம். அதனாலதான் கடிதம் எழுதாம நானே கூப்பிட்டேன். மத்த ஒன்பது கப்பலுக்கும் தகுதிச் சான்று நீங்கதான் தரணும். வழக்கமா பதினஞ்சு நாள் எடுப்பீங்க. இன்னைக்கு நாலு மணிக்குள்ள தந்துட்டீங்கன்னா, நாளைக்கும் நாளன்னைக்கும் ஒன்பதையும் கொண்டுபோய் நிறுத்திடுவோம். தண்ணீர்க் கப்பல் பன்னிரண்டாம் நாள் கிளம்பும். அது மெதுவாத்தான் போகும், முதல் கப்பலுக்குப் போய்ச் சேர நாலு நாள். சரியா இருக்கு, பாருங்க.”

“ஒன்பது கப்பலையும் நிறுத்த இடம் இருக்கா?”

 அவர் மூச்சு விடுவது கேட்டது.

“இடத்துக்குக் குறைச்சல் இல்ல மேடம்,” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் உற்சாகம் இல்லை.

நான் தாளின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன்.

“ஏற்கெனவே ரெண்டு. இப்ப ஒன்பது. பதினொன்னு ஆகுது. ஏத்திட்டு வர இடம் பத்துக் கப்பலுக்குத்தான்.”

“ஆமா. அதுக்குத்தான் வரிசை எண்ணுன்னு ஒரு கட்டம் சேர்த்திருக்கோம். நீங்களே போட்டுடுங்க. ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் இந்த நடையில வருவாங்க. அந்த வரிசையிலயே போய் ஏத்திப்போம்.”

“பதினொன்னு?”

“அடுத்த நடை.”

“அது எப்போ?”

“நாற்பது பேர் சேர்ந்ததும்.”

“அந்த வகையில வேற கப்பலே கிடையாது. யார் சேருவாங்க?”

“புதுசா ஏதாவது வகை நீங்க எழுதினா உண்டு,” என்றார்.

“எட்டுக் கப்பலுக்கு மட்டும் சான்று தரேன்.”

“ஒன்பது இடம் காலியாகுது மேடம். எட்டு அனுப்பினீங்கன்னா குறையுதுன்னு மொத்தத்தையும் திருப்பி அனுப்புவாங்க. மறுபடி போட்டு, மறுபடி மேல போய், ஒரு வாரம் ஆயிடும். உங்களுக்கு ஒரு வாரம் ஆகலாமா?”

தம்பி அங்கே இருப்பதை அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பது கப்பல்களின் தனித்தனித் தாள்கள் கீழ் அறையிலிருந்து வந்தன. தம்பியின் கப்பலுக்கும் மூன்றாம் கப்பலுக்கும் சேர்த்து வரிசை எண் போட வேண்டும் என்பதால் அந்த இரண்டும் கூட வந்தன. பதினொரு தாள்கள். முன்பக்கம் கப்பல், பின்பக்கம் அதன் ஆட்கள். சான்று தரும்போது பின்பக்கத்துப் பெயர்களை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். யார் எந்தக் காலத்தில் கொண்டுவந்த வழக்கமோ, எங்கள் பதிவகத்தில் அதை யாரும் மீறியதில்லை. மனசுக்குள் படித்தால் செல்லாது. இன்னொருவர் எதிரே இருந்து கேட்க வேண்டும்.

அடிக்கோடு எதிரே வந்து உட்கார்ந்தார். திட்டப் பிரிவின் குறிப்பைப் படித்தார். பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது.

“யாருக்காவது பதினொன்னு போடணும்.”

“ஆமா சார்.”

“ஏழாவது கப்பலுக்குப் போடலாமே,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டலைச் சரிபார்ப்பது போலத்தான் சொன்னார். “அந்த வரி நீ எழுதினதுதானே.”

நான் ஏழாவது கப்பலின் தாளை எடுத்தேன். வரிசை எண் ஒன்று என்று எழுதினேன். மூன்றாவது கப்பலுக்கு இரண்டு.

அவர் எழுந்து போகவில்லை.

மற்ற ஒன்பதையும் கவிழ்க்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். எல்லாம் ஒரே அளவுக் கப்பல்கள், ஒரே எந்திரம், ஒரே பதினாறு நாள். முன்பக்கத்தைப் பார்த்தால் எதற்கும் எதற்கும் வித்தியாசம் இல்லை. பின்பக்கத்தில்தான் வித்தியாசம். யாருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, யாருக்கு எத்தனை பிள்ளைகள், யாருடைய அம்மா தனியாக இருக்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். முதலில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எண் போடலாம். முதலில் எண் போட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கலாம்.

அடியில் இருந்த தாளை உருவினேன். பதினொன்று என்று எழுதித் தனியாக வைத்தேன். மற்ற எட்டுக்கும் மேலிருந்து கீழாக மூன்றிலிருந்து பத்து வரை போட்டேன்.

பிறகு திருப்பிப் படிக்கத் தொடங்கினேன். கப்பலுக்கு நான்கு பெயர்கள். படித்தேன், கையெழுத்துப் போட்டேன், அடுத்ததை எடுத்தேன். நடுவில் மேல்வண்டி இரண்டு முறை போனது. எட்டாவது தாளில் ஒரு பெயர் பாதியில் நின்றது. அடிக்கோடு தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். குடித்துவிட்டு அந்தப் பெயரை முதலிலிருந்து படித்தேன். பாதியில் விட்ட பெயரும் செல்லாது.

தனியாக வைத்த தாளைக் கடைசியில் எடுத்தேன். நான்கு பேரில் ஒரு பெண். தலைவருக்கு என் வயது. மூன்றாவதாக எந்திரக்காரனின் பெயர் இருந்தது. தம்பியின் பெயரேதான். ஆள் வேறு, முகவரி வேறு.

“வாய்விட்டும்மா,” என்றார் அடிக்கோடு. “கேக்கலை.”

மறுபடி படித்தேன். நான்கையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மணி மூன்று ஐம்பது. கட்டி, அரக்கு வைத்து, மேலிடத்துக்குப் போகும் ஆளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.